சீட்டுக்கு வேர்த்த கதை

"ஏட்டி மாரி, இது ஆட்டோ சீட்டா, இல்ல தோசைக்கல்லா?"

ஜானகியம்மாள் போட்ட சத்தத்தில் கோவில்பட்டிப் பழைய பஸ் ஸ்டாண்டே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்த அந்த அம்மா, ஆட்டோவின் மேல்கம்பியில் நங்கென்று முட்டிக்கொண்டாள். ஒரு கை உச்சந்தலைக்குப் போனது, ஒரு கை பின்பக்கம் போனது. எதை முதலில் தேய்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துத் தேய்த்தாள்.

மாரிசெல்வி தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து சீட்டில் விரித்தாள்.

"துண்டு மேல உக்காருங்கம்மா. வண்டி கெளம்பிக் காத்தடிச்சா சரியாப் போவும்."

"காத்தா? பங்குனி மாசத்துல நம்மூர்ல காத்தா அடிக்கி? அடுப்ப ஊதுன மாதிரில்லா வருது!"

குற்றம் மாரியுடையது இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழல் நாலு வண்டிக்குத்தான் காணும். அந்த நாலு இடமும் ஸ்டாண்டு தொடங்கிய காலத்திலிருந்து ஓட்டுகிற மூத்த ஆட்களுக்கு. மாரிசெல்வி கடைசியாக வந்து சேர்ந்தவள், ஒரே பெண். அவளுக்கு விழுந்த இடம் மேற்கு ஓரம். பொழுது ஏறினதிலிருந்து இறங்குகிறவரை ஒரு நூல் நிழல் கிடையாது. போதாக்குறைக்கு அழுக்குத் தெரியக்கூடாது என்று கறுப்பு ரெக்சினாகப் பார்த்துத் தைத்திருந்தாள். மத்தியானத்தில் அதன் மேல் நிலக்கடலையைப் பரப்பினால் வறுத்தே எடுத்துவிடலாம்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். புஸ்ஸென்று ஆவி வந்தது, சூடு போகவில்லை. ஈரச் சாக்கைப் போட்டாள். ஏறினவர்கள் சாக்கு நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்தார்கள். சவாரி ஏறும் முன்னால் முருங்கை இலையை உருவிப் பரப்பினால் சூடு இழுக்கும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தாள். அன்று ஏறின பள்ளிக்கூட டீச்சர், "என்ன மாரி, சீட்டுக்குப் பொரியல் வைக்கியா?" என்று கேட்டு இறங்கிப் போனார்.

ஜானகியம்மாளை இழப்பதுதான் மாரிக்குப் பெரிய பயம். தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வைத்திருக்கும் பூவனநாதன் முதலாளியின் மனைவி. முழங்கால் வலிக்கு கரண்டு வைத்தியம் பார்க்கப் போகிறவள். அந்த டாக்டர் உச்சிவெயிலில்தான் ஆளைப் பார்ப்பார். வீட்டில் கார் இருந்தும் அந்த அம்மா ஆட்டோவில் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. "கார் டிரைவர்ட்ட ஒரு சங்கதி சொன்னா 'உம்'ங்கான். மாரிட்ட சொன்னா பதிலு வருது" என்று ஊரெல்லாம் சொல்லுவாள்.

அன்றைக்கு இறங்கும்போது அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்: "கால் வலிக்கு வைத்தியம் பாக்க வந்து, இதுக்கு வேற தனியா ஒரு டாக்டரத் தேடணும்போல இருக்கு. ஏட்டி, நாஞ் சொன்னா வருத்தப்படக் கூடாது. வெயில் தாழுத வரைக்கும் நான் சங்கிலிப்பாண்டி வண்டில போறேன். அவன் நெழல்ல நிக்கான்."

மாரிக்கு முகம் செத்துவிட்டது. சங்கிலிப்பாண்டி நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு சவாரி அவன் பக்கம் போனால் பிறகு திரும்பி வராது. பேச்சுக்கு அவனும் சளைத்தவன் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். வீடும் கடையும் ஒன்றுதான். முன்னறையில் அவள் புருஷன் செல்வகணேஷ் மிக்சி, கிரைண்டர், தண்ணீர் குளிரவைக்கிற மெஷின் எல்லாம் பழுது பார்க்கிறவன். உள்ளே கால் வைக்க இடமிருக்காது. எந்தச் சாமானைத் தூக்கிப் போடச் சொன்னாலும், "இருக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்பான்.

தட்டில் சோற்றைப் போட்டு, கொள்ளு அரைத்த கானத் துவையலை வைத்து, மோர்மிளகாயைப் பொரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். செல்வகணேஷ் துவையலை வழித்து நாக்கில் வைத்தபடி யோசித்தான்.

"சூட்டைக் கொல்ல முடியாது மாரி."

"அதான் தெரியுதே. அதுதான் என்னக் கொல்லுது."

"கொல்ல முடியாது. ஆனா தள்ளிவிடலாம். இங்கனருந்து அங்கன."

எச்சில் கையோடு எழுந்து, இடக்கையால் ஒரு டப்பாவைக் கிளறி எடுத்து வந்தான். பிஸ்கட்டுத் தண்டி ஒரு வெள்ளைச் சில்லு. சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் தொங்கியது.

"கூலிங் பிளேட்டு. ரிப்பேருக்கு வந்த தண்ணி மெஷின்ல இருந்து கழத்துனது. கரண்டு குடுத்தா ஒரு மூஞ்சி குளுரும், மறு மூஞ்சி கொதிக்கும்."

"ஒங்க அம்மையும் அக்காவும் சேந்து வந்த மாதிரி."

"வெளயாடாத. புடி."

பேட்டரியில் வயரைத் தொட்டான். மாரியின் உள்ளங்கையில் இருந்த சில்லு, பேசி முடிப்பதற்குள் பனிக்கட்டி ஆனது. "யாத்தே!" என்று கையை உதறினாள். மோர்மிளகாய் அடுப்பில் கருகிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கிவிட்டது. பின்சீட்டில் இடது ஓரத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு ரெக்சினைக் கிழித்து, பஞ்சை வெட்டி எடுத்தான். மாரிக்குத் தன் வயிற்றைக் கிழித்த மாதிரி இருந்தது. வெட்டின பள்ளத்தில் ஒரு அலுமினியத் தகடு. தகட்டுக்கு அடியில் கூலிங் பிளேட்டுகளை வரிசையாக ஒட்டினான். அவற்றுக்கும் கீழே செதில் செதிலாக ஒரு அலுமினியக் கட்டை, அந்தச் சூட்டை வெளியே ஊதித் தள்ள ஒரு காற்றாடி. ஆட்டோ பேட்டரி இந்தப் பசிக்குக் காணாது என்று, சாமான் வைக்கிற இடத்தில் ஒரு பழைய கார் பேட்டரியைக் கட்டினான். மேலே மெல்லிசு ரெக்சினை இழுத்துத் தைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் திருகு சுவிட்ச் ஒன்றையும் வைத்தான்.

மறுநாள் ஸ்டாண்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். செல்வகணேஷும் திருப்புளியோடு வந்திருந்தான்.

"மொதல்ல யாரு உக்காருதது?" என்றாள் மாரி.

"நான்!" என்று சங்கிலிப்பாண்டி முன்னால் வந்தான். பருத்த சரீரம், பெரிய மீசை. "ஏ மாரி, சவாரியத்தான் எனக்கு விட்டுக்குடுத்திட்ட, இதையும் குடு. குளுருதான்னு நாஞ் சொல்லுதேன்."

ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தான். மாரி சுவிட்சைத் திருகினாள். காற்றாடி ஙொய் என்று சுற்றியது. சங்கிலிப்பாண்டி கண்ணை மூடி, சிரித்த முகமாக, "வருது... வருது... லேசா வருது..." என்றான். பிறகு சிரிப்பு நின்றது. கண் திறந்தது. மீசை துடித்தது.

"ஏலே செல்வகணேசு! என்ன வச்சு இட்லி அவிக்கியாலே!"

துள்ளி வெளியே விழுந்தவன் மரத்தடி வரைக்கும் ஓடினான். ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. செல்வகணேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, மன்னிச்சுக்கிடுங்க. வயரை மாத்திக் குடுத்திட்டேன். செவப்பு இருக்க வேண்டிய இடத்துல கறுப்பக் குடுத்தா, குளுருத மூஞ்சி கொதிக்கும்."

"எந்த மூஞ்சி கொதிக்குதுன்னு எனக்குல்லாலே தெரியும்!"

வயரை மாற்றிக் கொடுத்தான். இந்தத் தடவை உட்கார ஒருவரும் வரவில்லை. மாரியே ஏறினாள். தார் ரோடு இளகிக் கிடந்த வெயில். மேலே கூரை கொதித்தது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் கிணற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்த மாதிரி ஒரு குளிர் மெல்ல ஏறியது. காலை நீட்டி, தலையைச் சாய்த்து, புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. செல்வகணேஷ் வெட்கப்பட்டுத் திருப்புளியைத் துடைத்தான்.

அதற்குப் பிறகு அந்த ஓரம் ஊரில் பேச்சாகிவிட்டது. "ஐஸ் சீட்டு" என்றே பேர் விழுந்தது. சேர்ந்து ஏறுகிற புருஷன் பெண்டாட்டி அதற்குச் சண்டை போட்டார்கள். புதூரிலிருந்து ஆடு விற்க வந்த பெரியவர் ஒருவர் இறங்க மனமில்லாமல், "இன்னொரு தெரு சுத்திக் காட்டு தாயி" என்றார். ஜானகியம்மாளோ முதல் நாள் உட்கார்ந்ததும், "ஏ... ஆத்தாடி..." என்று ஒரு பெருமூச்சு விட்டு, டாக்டர் வாசலில் வண்டி நின்ற பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"யம்மா, எடம் வந்திட்டு."

"வந்தா என்ன? உள்ள போனா அவன் கரண்டு வைப்பான். சித்த இரு." அப்படியே மனசைத் திறந்தாள். "மாரி, எங்க வீட்டுல ஒரு வெவகாரம். எம்மவன் இசக்கிராஜா ஒரு பிள்ளய மனசுல வச்சிருக்கான். சுதாராணின்னு பேரு. தங்கமான பிள்ள. படிச்சிருக்கா, அவ அப்பா ஆபீஸ்ல கணக்கெல்லாம் அவதான் பாக்கா."

"பெறகென்னம்மா?"

"அவ அப்பா யாரு தெரியுமா? இலுப்பையூரணிப் பக்கம் கடற்கரை அண்ணாச்சி."

மாரிக்கு அந்தக் கதை தெரியும். ஊருக்கே தெரியும். பூவனநாதன் ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்டு ஒரு தீப்பெட்டி இறக்கினார். கரிசல்காட்டில் அந்த மிருகத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் வடக்கே நன்றாக ஓடியது. அடுத்த வருஷமே கடற்கரை இரட்டை ஒட்டகச்சிவிங்கி போட்டு இறக்கினார். "எம் மிருகத்தத் திருடிட்டான்" என்று இவர். "மிருகம் என்ன ஒம் வீட்டுத் தொழுவுலயா கட்டிக் கெடந்துது?" என்று அவர். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கல்யாண வீட்டுக்குப் போனால் இவர் கிழக்கே பார்த்து உட்காருவார், அவர் மேற்கே பார்த்து உட்காருவார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து படித்து முடித்தும் ஒரு வார்த்தை கிடையாது.

"எங்க வீட்டுக்காரர ஒரு மாதிரி சம்மதிக்க வச்சிட்டேன்" என்றாள் ஜானகியம்மாள். "பொண்ணு பாக்க வாரேன், ஆனா அவம்மூஞ்சியப் பாத்து நானாப் பேச மாட்டேங்காவ. அங்கன கடற்கரை அண்ணாச்சியும் அதயேதான் சொல்லுதாவளாம். ரெண்டு ஊமையும் சேந்து எப்படிட்டி கல்யாணம் பேசுதது?"

சித்திரை கடைசியில் பெண் பார்க்கிற நாள் வந்தது. முதல் நாள் ராத்திரி ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்திருந்தது. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல் மண் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, விடிந்ததும் ஆவியாகத் திருப்பிக் கொடுத்தது. வெயிலும் குறையவில்லை, புழுக்கம் சேர்ந்துகொண்டது. கொடியில் போட்ட துணி காயவில்லை. ஐஸ் போட்ட சர்பத் கிளாசெல்லாம் வெளிப்பக்கம் வேர்த்து வழிந்தது.

காரில் ஜானகியம்மாளும் இசக்கிராஜாவும் பழத்தட்டுகளும் சொந்தக்காரப் பெண்களும் முன்னால் போய்விட்டார்கள். பூவனநாதன் வேண்டுமென்றே ஆபீஸில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிப் பின்தங்கினார். அவரைக் கூட்டிவரும் பொறுப்பை ஜானகியம்மாள் மாரியிடம் விட்டிருந்தாள். "வழில எங்கயாவது எறங்கப் பாப்பாவ. விட்டுராத."

அவர் வெளுத்த வேட்டி சட்டையில், மடிப்புக் கலையாமல் வந்து ஏறினார். ஐஸ் சீட்டில்தான். முதலாளி முதல்முதலாக நம்ம வண்டியில் வருகிறார், மனசு குளிர்ந்து போகட்டும் என்று மாரி சுவிட்சை முழுசாகத் திருகி வைத்தாள்.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. வெகுநேரம் நின்றது. ரயில் வருகிற வழியைக் காணோம்.

"இதான் அந்தச் சீட்டா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. எங்க வீட்டுல அவிய செஞ்சது. நல்லா இருக்கா?"

"ம். நல்லாத்தான் இருக்கு." பிறகு, "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னா, இப்படியே கயத்தாறு வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வருவமா?"

"யம்மா என்ன உயிரோட விடமாட்டாவ அண்ணாச்சி."

அவர் பெருமூச்சு விட்டார்.

கடற்கரை வீட்டு வாசலில் கோலம் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளேயிருந்து கேசரி வாசனை. பூவனநாதன் இறங்கினார். நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காத பார்வையோடு, படியேறி உள்ளே போனார். மாரி அவர் முதுகைத்தான் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

வெள்ளை வேட்டியில், உட்காருகிற இடத்தில், வட்டமாக ஒரு பெரிய ஈரம்.

ஓடிப்போய்ச் சீட்டைத் தொட்டாள். ரெக்சின் மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சர்பத் கிளாஸ் வேர்த்த மாதிரியே சீட்டும் வேர்த்திருந்தது.

கூடத்தில் பூவனநாதன் நடுவில் போய் நின்று எல்லாருக்கும் சுற்றிக் கும்பிடு போட்டார். அவர் சுற்றச் சுற்ற, பார்த்தவர்களெல்லாம் வாயைப் பொத்தினார்கள். ஜானகியம்மாள் பார்த்துவிட்டு, பழத்தட்டை முகத்துக்கு மறைவாகத் தூக்கிக்கொண்டாள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் சத்தமாகக் கேட்டது: "யம்மா, அந்தத் தாத்தா வேட்டில ஒண்ணுக்குப் போயிட்டாவளா?"

பூவனநாதன் கையைப் பின்னால் கொண்டுபோனார். தொட்டார். முகம் செங்கல்லாகச் சிவந்தது. அந்த நேரம் பார்த்து, எதிரே நாற்காலியில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்த கடற்கரை திரும்பினார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"என்னய்யா இது, பயமா?"

"எவம்லே பயந்தது?" பூவனநாதன் சீறினார். அவரும் பேசிவிட்டார் என்பதை அவரே கவனிக்கவில்லை. "ஜானகி, கெளம்பு. இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாது!"

இசக்கிராஜா எழுந்து நின்றான். அறை வாசலில் சுதாராணியின் நிழல் அசைந்தது. இனி ஒரு நிமிஷம் தாமதித்தால் எல்லாம் போச்சு என்று வாசலில் வந்து நின்ற மாரிக்குத் தெரிந்தது. செருப்போடு உள்ளே பாய்ந்தாள்.

"அண்ணாச்சி, அது நீங்க இல்ல! எஞ்சீட்டு! சீட்டுக்கு வேர்த்திட்டு!"

"சீட்டுக்கு வேர்க்குமா?" என்றார் கடற்கரை.

"வேர்க்கும் அண்ணாச்சி. அது குளுருத சீட்டு. மழப் புழுக்கத்துல ஐஸ் தண்ணி வச்ச செம்பு வேர்க்கும்லா, அப்படித்தான். நாந்தான் மொதலாளிக்குன்னு முழுசாத் திருகி விட்டேன். எந்தப்பு. நம்பலேன்னா வந்து தொட்டுப் பாருங்க."

"தொடுததென்ன, உக்காந்தே பாக்கேன். இவன் சொல்லுதது பொய்யா நெசமான்னு தெரிஞ்சுபோவும்."

"நான் எங்கலே சொன்னேன்? அவல்லா சொல்லுதா!" என்றார் பூவனநாதன்.

மொத்த வீடும் தெருவுக்கு வந்தது. கடற்கரை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். மாரி சுவிட்சைத் திருகினாள். அவர் முகம் முதலில் சந்தேகமாக இருந்தது, பிறகு இளகியது.

"ஏ, இது நல்லால்லா இருக்கு!"

"எறங்கு, எறங்கு. எறங்கிக் காட்டு" என்றார் பூவனநாதன்.

"இருய்யா. இப்பத்தான் சொகமா இருக்கு."

வெகுநேரம் கழித்து இறங்கித் திரும்பி நின்றார். பட்டுக்கரை வேட்டியில் அதே இடத்தில் அதே வட்டம்.

பூவனநாதன் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அடக்கினார். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி, ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னய்யா, பயமா?" என்று அவர் கேட்டதும் கடற்கரையும் சிரிக்கத் தொடங்கினார். இரண்டு முதலாளிகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று சிரிக்க, ஜானகியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படியே நின்னா எப்படி?" என்று ஒரு குரல் கேட்டது. சுதாராணி. பட்டுச்சேலையில், கையில் மடித்த இரண்டு கைலிகளோடு வாசலில் நின்றாள். "மாமா, பச்சக் கட்டமா, நீலக் கட்டமா? மொதல்ல நீங்க சொல்லுங்க. அப்பாவுக்கு மிச்சம் எதுவோ அது."

"பச்ச" என்றார் பூவனநாதன், சின்னப் பிள்ளை மாதிரி. 'மாமா' என்று கூப்பிட்டுவிட்டாளே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

வேட்டிகள் இரண்டும் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்தன. கீழே கைலி கட்டிய இரண்டு முதலாளிகளும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேசரியும் உளுந்தவடையும் சாப்பிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி ஒரு சண்டை வந்தது, நியாயமான சத்தத்தோடு. அதன் கழுத்து நீளமா கால் நீளமா என்பதில் முடிவு வரவில்லை. பேச்சு நிற்காமல் போனதில் வைகாசியில் முகூர்த்தம் பார்த்ததுகூட நடுவில் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. மாரியையும் கூப்பிட்டு இலை போட்டார்கள். சுதாராணியே வந்து இரண்டாம் தடவை கேசரி வைத்தாள்.

பொழுது சாயக் கடைக்குத் திரும்பினாள் மாரி. செல்வகணேஷ் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு வந்து சொல்ல முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி தொடங்கினாள். அவன் சிரிக்கவில்லை. நெற்றியைத் தடவினான்.

"இத நான் யோசிக்காமப் போனேனே. ஓட்டை போட்டு தண்ணி வடிய ஒரு குழாய் வச்சா..."

"அத நாளைக்கு வைங்க. எந்திரிங்க, குளிச்சுட்டு வாங்க. வெள்ளிக்கெழம நிச்சயதாம்பூலம். அதுக்கு முந்தி இன்னைக்கே ஒங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காவ."

"யாரு?"

"மொதலாளி ரெண்டு பேருந்தான். அந்தச் சீட்டச் செஞ்சவனப் பாக்கணுமாம்."

செல்வகணேஷ் திருப்புளியைக் கீழே வைத்தான். "எதுக்கு மாரி? அடிக்கவா?"

"தெரியல." மாரி அவன் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து உதறினாள். "ஆனா ராத்திரிச் சாப்பாடு கடற்கரை அண்ணாச்சி வீட்டுலதான்னு சொல்லிட்டாவ. அடிச்சாலும் சோறு போட்டுட்டுத்தான் அடிப்பாவ. வாங்க."